மார்கிறற் மக்மிலன் அம்மையார் (1860 – 1931)

முன்பள்ளிக் கல்வி என்றதும் புரோபல், மொன்டிசோரி ஆகியோரின் பெயர்கள் உங்கள் நினைவுக்கு வரும். அவர்களோடு சேர்த்து நீங்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொருவர் மார்கிறற் மக்மிலன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தோட்டமே வகுப்பறை என்பதைச் செய்து காட்டியவர் இவர்.

ஸ்கொட்லாந்துப் பெற்றோருக்கு மகளாக 1860 ஜூலை 20 ஆந் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இவர் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையையும் தங்கையையும் இழந்தார். அப்போது கண்ட காய்ச்சலால் அவரது செவிப்புலனும் போயிற்று. பதினான்கு வயதளவிலேதான் அது மீண்டது. தாயார், மார்கிறற்றையும் அவருக்கு ஒரு வயது மூத்தவரான றேச்சலையும் அழைத்துக்கொண்டு ஸ்கொட்லாந்தின் இன்வர்நெஸ் நகருக்குத் திரும்பினார். சகோதரிகள் இருவரும் வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தனர்.

1893 இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் மார்கிறற் குடியேறினார். அது கம்பளி ஆலைகள் நிறைந்த நகரம். அடுத்த ஆண்டிலே அந்நகரின் பாடசாலைச் சபைக்குத் தெரிவானார். பசியோடும் அழுக்கோடும் நோயோடும் வரும் பிள்ளைக்கு எதைக் கற்பித்தும் பயனில்லை என்பதை அங்கே கண்டார். 1897 இல் பிராட்போர்டின் பாடசாலையொன்றில் குளியல் வசதி அமைக்கப்பட்டதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. பாடசாலைகளில் உணவு வழங்க இடமளிக்கும் சட்டம் 1906 இல் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்டவர்களுள்ளும் இவர் ஒருவர்.

இனி நமது விடயத்துக்கு வருவோம். 1910 இல் சகோதரிகள் இருவரும் இலண்டனின் டெப்ட்போர்ட் பகுதியில் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தினர். ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. சிகிச்சை பெற்றுச் சுகமடைந்த பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தனர். காரணம் என்ன? வெளிச்சமும் காற்றும் புகாத ஒற்றை அறைகளில் குடும்பம் முழுவதும் உறங்கியது. மருந்து கொடுத்து மீண்டும் அதே அறைக்கு அனுப்பினால் நோய் எப்படித் தீரும்? எனவே 1911 இல் சிறுமிகள் இரவில் திறந்த வெளியில் உறங்குவதற்கு முகாம் ஒன்றை அமைத்தனர். அவர்களின் உடல்நலம் தேறியது.

ஆனால் பாடசாலை வயதை எட்டாத சிறுவர்களே மிகவும் பாதிக்கப்பட்டிருந்தனர். பலருக்குக் கால் எலும்புகள் வளைந்திருந்தன. இது றிக்கற்ஸ் எனும் நோய். சூரிய ஒளி தோலில் படும்போது விற்றமின் டி உருவாகின்றது என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். அந்த விளக்கம் 1920களிலேதான் கிடைத்தது. அதற்கு முன்னரே இச்சகோதரிகள் பிள்ளைகளை வெயிலுக்குக் கொண்டுவந்துவிட்டனர்.

1914 இல் டெப்ட்போர்டில் திறந்தவெளி முன்பள்ளி ஆரம்பமாயிற்று. அங்கு பெரிய கட்டடம் இல்லை. ஒரு பக்கம் திறந்த கொட்டகைகளே இருந்தன. மழைக்கும் கடுங்குளிருக்கும் அவற்றில் ஒதுங்கலாம். (இலண்டனின் குளிரை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் இது எத்துணை துணிச்சலான செயல்!) பிள்ளைகள் காலையில் வந்து, குளித்து, மூன்று வேளை உண்டு, பகலில் உறங்கி, மாலையில் வீடு திரும்பினர். மரக்கறிப் பாத்திகளும் பூஞ்செடிகளும் வாசனைப் பூண்டுகளும் வளர்ந்த தோட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளும் இருந்தன. மணத்தைச் செடியிலிருந்தும் நிறத்தைப் பூவிலிருந்தும் பிள்ளைகள் அறிந்தனர். ஒரு மூலையில் கற்கள், பழைய தகரங்கள், சட்டிகள் என்பன குவிக்கப்பட்டிருந்தன. அது கவனக்குறைவால் சேர்ந்த குப்பையன்று. பிள்ளைகள் தாமாகக் கட்டவும் கலைக்கவும் வேண்டுமென்றே விடப்பட்டது. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களைவிட இக்குவியலையே பிள்ளைகள் நாடுவர் என அவர் அறிந்திருந்தார். அவரது ஏற்பாடுகளுள் மிகவும் கூர்மையானது இதுவே என்பது எமது கருத்து.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917 மார்ச் 25 இல், தமது 58 ஆவது பிறந்த தினத்திலேயே றேச்சல் காலமானார். தனித்துவிட்ட மார்கிறற் பணியைக் கைவிடவில்லை. 1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளூர் அதிகார சபைகள் முன்பள்ளிகளுக்கு உதவ அனுமதித்தது. அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. போருக்குப் பின் வந்த செலவுக் குறைப்பினால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு முன்பள்ளிகள் பெருகவில்லை. 1919 இல் தமது அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1923 இல் உருவான முன்பள்ளிச் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே.

தோட்டத்தில் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இல்லாவிடில் தோட்டத்தால் மட்டும் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கென டெப்ட்போர்டில் 1930 இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் திறக்கச் செய்தார். மறு ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார். கல்லூரியின் பெயர் றேச்சல் மக்மிலன் கல்லூரி என்பதால் அதை நிறுவியவர் றேச்சல் என மாணவர் சிலர் எழுதிவிடுவதுண்டு. றேச்சல் இறந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், தங்கை மார்கிறற் இட்ட பெயர் அது.