புற்றின் வேர் தேடிய கமல் ரணதிவே

புனே நகரில் 1917ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் கமல் பிறந்தார். அவருடைய தந்தை தினகர் சமர்த் பெர்குசன் கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். மகள் மருத்துவம் பயில வேண்டும், மருத்துவர் ஒருவரையே மணக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கமலின் நாட்டமோ வேறாக இருந்தது. அவர் தாவரவியலும் விலங்கியலும் கற்றார். 1939இல் கணித அறிஞரான ரணதிவேயை மணந்தார். திருமணத்திற்குப் பின்னும் கல்வியைக் கைவிடவில்லை. சீத்தாப்பழக் குடும்பத்துச் செடிகளின் உயிரணுக்களை ஆராய்ந்து, 1943இல் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

பின்னர் பம்பாய்க்குச் சென்று, புகழ்பெற்ற நோயியல் அறிஞர் கனோல்கரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, 1949இல் முனைவர் ஆனார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், உயிரணுக்களை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் திசு வளர்ப்புக் கலையைப் பயின்றார். கற்ற வித்தை தாய்நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்று கருதித் திரும்பி வந்தார். இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை நிறுவினார்.

சுண்டெலிகளுக்கு மார்பில் வரும் புற்றுநோயே அவர் எடுத்துக்கொண்ட புதிர். தாய் எலியின் பால் வழியாகக் குட்டிக்கு ஏதோ ஒன்று சென்று இந்நோயை உண்டாக்குகிறது என்று 1936இல் ஜான் பிட்னர் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்திருந்தார். அது ஒரு தீநுண்மி எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் தீநுண்மி மட்டுமே காரணம் என்று கமல் அமைதியடையவில்லை. உடலில் சுரக்கும் ஹார்மோன்களும் தீநுண்மியும் கைகோக்கும்போதே நோய்க்கு வழி பிறக்கிறது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அத்தீநுண்மி ரெட்ரோ வைரஸ் என்னும் இனத்தைச் சார்ந்தது. உயிரணுவில் டி.என்.ஏ. பாடநூலைப் போன்றது, ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து எழுதிய குறிப்பேட்டைப் போன்றது. நூலைப் பார்த்துக் குறிப்பெழுதுவதே வழக்கம். ரெட்ரோ வைரஸோ தன் ஆர்.என்.ஏ. குறிப்பைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதிவிடுகிறது! முதலில் உருவாகும் டி.என்.ஏ. நேராக நீண்டிருக்கும். அத்திபெலே பூக்கடையில் தொங்கும் மல்லிகைச் சரத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அது உயிரணுவின் உட்கருவை அடைந்ததும், சிலவற்றின் இரு முனைகளும் முடிச்சிட்டதுபோல் இணைந்து வளையங்களாகின்றன. நேர்ச்சரமே உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து நிலைபெறுகிறது. வளையங்கள் பெரும்பாலும் தனித்தே நின்றுவிடுகின்றன. புகுந்த பக்கத்தை நூலிலிருந்து கிழிக்க இயலாது. உயிரணு பிரியும்போதெல்லாம் அதுவும் படியெடுக்கப்படும்.

எலித் தீநுண்மியின் இவ்விரு வடிவங்களையும் 1970களில் கலிபோர்னிய அறிஞர்கள் பிரித்தறிந்தனர். ஹார்மோன்களால் தூண்டப்படும் பகுதி அந்த டி.என்.ஏ.வின் முனைகளிலேயே இருப்பதும் பின்னர்த் தெரியவந்தது. தீநுண்மிக்கும் ஹார்மோனுக்கும் உறவுண்டு என்று கமல் கருதியதற்கு இது வலுவூட்டியது. எலிகளில் கண்ட இவ்வுண்மையை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. மனிதக் குழந்தைக்குத் தாய்ப்பால் அமுதமே.

அறிவியல் துறையில் பெண்கள் தனித்து நின்று இடர்ப்படுவதைக் கண்ட கமல், 1973இல் இந்தியப் பெண் அறிவியலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். பணி ஓய்வுக்குப் பின் மகாராட்டிரச் சிற்றூர்களுக்குச் சென்று, பெண்களை நலவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார். 2001இல் மறைந்தார். ஊர்விட்டு ஊர் சென்று கற்றதை, தம் மக்களுக்கே திருப்பித் தந்தது அவர் வாழ்வு.

சொற்பொருள்
தீநுண்மி – வைரஸ்
நாட்டம் – விருப்பம்
உட்கரு – உயிரணுவின் மையப் பகுதி
இடர் – துன்பம்

வினாக்கள்
1. கமலின் தந்தை விரும்பியது யாது? கமல் தேர்ந்தது யாது?
2. சரம், வளையம் ஆகிய உவமைகள் எவற்றை உணர்த்துகின்றன?
3. தீநுண்மி மட்டுமே காரணம் என்று கமல் ஏற்றிருந்தால் எந்த உண்மை அவர் கண்ணில் படாமல் போயிருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.