வெற்று எந்திரத்தை வேலை செய்ய வைத்த சென்னைக்காரர்

கம்ப்யூட்டர் எல்லாம் தெரிந்த எந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றுமே தெரியாது. சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

இந்த உண்மையை நம் நாட்டில் முதன் முதலில் அனுபவத்தில் கண்டவர்களுள் ஒரு சென்னைக்காரரும் உண்டு. அவர் பெயர் ஆர்.நரசிம்மன். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் பெரிய கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர்.

கிண்டி மாணவர்

நரசிம்மன் 1926-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னையில் பிறந்தார். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தார். தந்தி, டெலிபோன் முதலிய செய்தித் தொடர்புக் கருவிகள் பற்றிய படிப்பு அது.

பிறகு அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் கல்வி நிலையத்தில் மேல் பட்டம் பெற்றார். இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் அமெரிக்காவிலேயே தங்கி விடவில்லை. தாயகம் திரும்பினார். 1954-ம் ஆண்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். விஞ்ஞானி ஹோமி பாபா 1945-ல் தொடங்கிய நிலையம் அது.

வாங்குவதா, செய்வதா?

அந்த நாளில் இந்தியாவில் ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. கல்கத்தா புள்ளியியல் நிலையத்துக்கு இங்கிலாந்தில் இருந்து ஒன்று வந்து சேர்ந்ததே அதன் பிறகுதான்.

வெளிநாட்டில் வாங்கலாம். அல்லது நாமே செய்து பார்க்கலாம். பம்பாய் நிலையம் இரண்டாவது வழியைத் தேர்ந்து எடுத்தது. அந்தக் குழுவில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

1955-ம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. நம் தேவையை நாமே செய்து கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் பேசப்பட்ட காலம். அந்தக் காலத்தில்தான் பம்பாயில் இந்த எந்திரத்தின் வேலையும் நடந்தது.

முதலில் சிறிய மாதிரி எந்திரம் ஒன்றைச் செய்தார்கள். 1956-ல் அது ஓடியது. பிறகு பெரிய எந்திரம். 1960-ம் ஆண்டில் அது முழு வேலைக்கு வந்தது.

18 அடி நீளம்

அந்தக் கம்ப்யூட்டர் மேஜை மேல் வைக்கக் கூடியது அல்ல. 18 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள இரும்புச் சட்டத்தில் நின்றது. அதில் 2,700 ரேடியோ வால்வுகள் இருந்தன. 12,500 ரெசிஸ்டர்கள் இருந்தன.

அதன் நினைவுச் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 இலக்கம் கொண்ட 2,048 எண்கள். அவ்வளவுதான்! இன்று விண்டோஸ் 11 போட வேண்டுமானால், ஒரு கம்ப்யூட்டரில் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் வேண்டும். அது அந்தப் பெரிய எந்திரத்தின் நினைவைப்போல் சுமார் 4 லட்சம் மடங்கு!

1962-ம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் நேரு, டாட்டா நிலையத்தின் புதிய கட்டிடங்களைத் திறந்து வைத்தார். அப்போது இந்த எந்திரத்துக்கு "டிப்ராக்" என்று பெயர் சூட்டினார்.

சொல்லிக் கொடுத்தால்தான்!

டிப்ராக்கில் விண்டோஸ் கிடையாது. லினக்ஸ் கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற ஒன்றே அதில் இல்லை.

கம்ப்யூட்டரின் உறுப்புகளை எல்லாம் மேய்த்து நடத்தும் கட்டளைத் தொகுப்புதான் ஆபரேட்டிங் சிஸ்டம். விசைப் பலகையைக் கவனிப்பதும், திரையில் எழுத்தைக் காட்டுவதும், கோப்புகளை அடுக்கி வைப்பதும் அதன் வேலை.

அந்த மேய்ப்பன் இல்லாததால், டிப்ராக்கில் வேலை செய்ய வந்தவர் எல்லாவற்றையும் தாமே சொல்ல வேண்டி இருந்தது. அதுவும் எப்படி? தமிழில் அல்ல, இங்கிலீஷிலும் அல்ல. பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே எண்களில்! ஓர் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று விழுந்தால் போதும். கணக்கு முழுவதும் தவறிவிடும்.

முத்தாபுதுப்பேட்டையிலும் இதுதான்

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகி விட்டது என்று வைத்துக் கொள்வோம். வைரஸ் புகுந்திருக்கலாம். பழைய விண்டோஸ் காலாவதி ஆகி இருக்கலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. கடைக்காரர், பார்மட் அடித்துப் புதிதாகப் போட வேண்டும் என்பார்.

அப்படி அழித்ததும், அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரத்துக்கு டிப்ராக் போலத்தான். அதை நடத்த ஆள் இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே உள்ள ஒரு சில்லில் இருக்கும் சிறிய கட்டளை மட்டும் விழிக்கும். தனக்குப் பாடம் எங்கே இருக்கிறது என்று தேடும். 8 ஜி.பி. பென் டிரைவில் புதிய விண்டோசையோ லினக்சையோ ஏற்றிச் செருகி வைத்தால், அங்கிருந்து படித்துக் கொள்ளும். ஹார்டு டிஸ்கில் பழைய பகுதிகளை நீக்கிவிட்டு, புதியதை எழுதிக் கொள்ளும். பிறகு வைபை, பிரிண்டர் முதலியவற்றுக்கான டிரைவர்களைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஆனால் ஒன்று! அழித்தது அழித்ததுதான். கல்யாணப் போட்டோக்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கடைக் கணக்கு ஆகிய எல்லாவற்றையும் முன்னதாகவே வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிரதி திறக்கிறதா என்று இன்னொரு கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகே அழிக்கலாம்.

எந்திரம் போயிற்று, அறிவு போகவில்லை

டிப்ராக்குக்கு ஒரு சோதனை வந்தது. அது தயாரான நேரத்தில், உலகில் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. வால்வு எந்திரம் பிறக்கும்போதே பழசாகி விட்டது! 1964-ல் அமெரிக்காவின் சி.டி.சி. 3600 கம்ப்யூட்டர் பம்பாய் நிலையத்துக்கு வந்தது. 1965-ம் ஆண்டோடு டிப்ராக்கின் வேலை முடிந்தது.

அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பும் வீணா? இல்லை. கம்ப்யூட்டரை அக்கு அக்காகப் பிரித்து, மறுபடி சேர்க்கத் தெரிந்த ஒரு கூட்டம் உருவாகி இருந்தது.

அதன் பலன் பின்னால் தெரிந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட மனம் இன்றி, ஐ.பி.எம். கம்பெனி 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற கம்ப்யூட்டர்களை யார் பராமரிப்பது? சர்க்கார் ஏற்கனவே தொடங்கி இருந்த சி.எம்.சி. நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. அதன் முதல் தலைவர் நரசிம்மன்தான். 1980-களில் டெல்லியில் ரெயில் டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் சி.எம்.சி.யே.

நரசிம்மன் படங்களை எந்திரம் அறிந்து கொள்ளும் வழியையும் ஆராய்ந்தார். அதற்காக 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தார். குழந்தை மொழியைக் கற்பது எப்படி என்றும் ஆராய்ந்து நூல் எழுதினார். 1977-ல் சர்க்கார் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2007-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

அதே 2007-ல்தான், சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கிய "பாஸ்" என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் வெளிவந்தது. அதில் தமிழிலும் வேலை செய்யலாம். பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டுமே எழுதி எந்திரத்தோடு பேசிய தலைமுறை போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த கட்டிடம் அது.

எந்திரம் பழசாகும். அதை அழித்து, மறுபடி புதிதாக எழுதிக் கொள்ளலாம். கற்றுக் கொண்ட கைகளை யாரும் அழிக்க முடியாது. சென்னையில் பிறந்த நரசிம்மன் நாட்டுக்குச் சேர்த்து வைத்த சொத்து அதுதான்.