ரக்பி பந்தை வாங்கி வந்த பையன்… ‘இந்தியக் கால்பந்தின் தந்தை’ ஆனது எப்படி?

காஞ்சிபுரம் பக்கத்துல தாமல் எங்க ஊர். கோடையில ஏரி வத்தினதும் அதுதான் எங்களுக்கு ஸ்டேடியம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பந்து வாங்குவோம். பந்து வந்ததும் முதல் சண்டை எதிர் டீமோட இல்ல, நமக்குள்ளேயேதான்: டீம்ல யாரைச் சேர்க்கிறது, யாரை விடுறது?

சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடி கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடப் பையனும் இப்படித்தான் காசு சேர்த்துப் பந்து வாங்கினான். பிறகு அதே ‘யாரைச் சேர்ப்பது’ கேள்வி வந்தபோது, தான் வளர்த்த கிளப்பையே கலைத்தான். அவர்தான் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி.

யார் இவர்?

1869-ல் கல்கத்தாவில் பிறந்தவர். ‘சர்வாதிகாரி’ என்பது குடும்பப் பெயர்தான், பயப்பட வேண்டாம். அப்பா சூர்ய குமார் பிரபலமான டாக்டர். அண்ணன் தேவ பிரசாத் பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். வசதியும் படிப்பும் உள்ள உயர்சாதிக் குடும்பம். இந்தப் பின்னணியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் கிக் எப்போ?

1870-களின் கடைசி. நாகேந்திரனுக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும். கங்கையில் குளிக்கக் கிளம்பிய அம்மாவோடு குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தான். வழியில் மைதானத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் ஒரு பந்தைத் துரத்தி உதைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வேடிக்கை பார்த்தான். பந்து அவன் பக்கமாக உருண்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தவனை, உதைத்து அனுப்பும்படி சிப்பாய் ஒருவர் சொல்ல, ஓங்கி ஒரு உதை விட்டான். இந்தியக் கால்பந்தின் கதையை வங்காளிகள் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

மறுநாள் ஹேர் ஸ்கூல் வகுப்பில் இதே பேச்சு. பசங்க காசு சேர்த்து, மேன்டன் என்ற வெள்ளைக்காரக் கடையில் பந்து ஒன்று வாங்கி வந்தார்கள். விதி எதுவும் தெரியாது. பள்ளி மைதானத்தில் ஆளாளுக்கு ஓடி உதைத்தார்கள். பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

இதுல ட்விஸ்ட் என்ன?

பள்ளிக்கு அக்கம்பக்கமாகவே பிரசிடென்சி கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்த ஸ்டாக் என்ற ஆங்கிலேயர் இந்த ஆரவாரத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார். பசங்க உதைத்துக்கொண்டிருந்தது ரக்பி பந்து! கடையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டார்கள். அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு ஒரு கால்பந்தைக் கொடுத்து, எப்படி ஆட வேண்டும் என்று கற்றும் கொடுத்தார்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். நாகேந்திரன் பிறந்த அதே 1869-ல்தான், ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் அங்கே முதல் கல்லூரி ஃபுட்பால் மேட்ச் ஆடின. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அன்று உதைத்தது உருண்டைப் பந்து. 1875-ல் ஹார்வர்டும் யேலும் மோத ஆரம்பித்தபோது ஆட்டம் ரக்பி பக்கம் சாய்ந்தது. இன்றைய அமெரிக்கன் ஃபுட்பாலும், அங்கே இன்னும் சூடு குறையாத கல்லூரி மோதல்களும் அந்த வழியில் வந்தவை. அமெரிக்காவில் உருண்டைப் பந்தில் ஆரம்பித்து முட்டைப் பந்துக்குப் போனார்கள். கல்கத்தாவில் முட்டைப் பந்தில் ஆரம்பித்து உருண்டைப் பந்துக்கு வந்தார்கள். இரண்டு இடத்திலும் பந்தை முதலில் கையில் எடுத்தவர்கள் மாணவர்கள்தான்.

விளையாட்டு ஏன் கௌரவப் பிரச்சினை ஆச்சு?

வங்காளிகள் உடல் வலு இல்லாதவர்கள், பேனா பிடிக்கத்தான் லாயக்கு என்பது அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளிடம் பரவலாக இருந்த எண்ணம். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதிலும் ‘போர்க்குணம் உள்ள இனம்’, ‘இல்லாத இனம்’ என்று பிரித்துப் பார்த்தார்கள். அதனால் வெள்ளைக்கார சிப்பாய்களை அவர்களுடைய விளையாட்டிலேயே ஜெயிப்பது வெறும் ஸ்கோர் விஷயமாக இருக்கவில்லை.

நாகேந்திரன் பள்ளியிலும் பிரசிடென்சி கல்லூரியிலும் படிக்கும்போதே கிளப் மேல் கிளப்பாகத் தொடங்கினார். பாய்ஸ் கிளப், ஃப்ரெண்ட்ஸ் கிளப், பிரசிடென்சி கிளப், வெலிங்டன் கிளப் என்று லிஸ்ட் நீளும். கல்லூரிகளுக்கு நடுவே கால்பந்து மோதல் வளர்ந்து, அவற்றுக்கென்றே எலியட் ஷீல்டு போட்டியும் பின்னால் வந்தது.

கிளப்பைக் கலைத்தது ஏன்?

கதையின் முக்கியமான இடம் இதுதான். வெலிங்டன் கிளப்பில் மோனி தாஸ் என்ற இளைஞரைச் சேர்க்க நாகேந்திரன் விரும்பினார். நல்லா ஆடுவார். ஆனால் அவர் குயவர் வீட்டுப் பிள்ளை. கிளப்பில் இருந்த உயர்சாதி உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

‘லப்பர் பந்து’ பார்த்தவர்களுக்கு இந்த சீன் புதுசாக இருக்காது. திறமை இருந்தும் டீமுக்குள் இடம் கிடைக்காது, காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள். அது 2024-ல் வந்த படம். இது 1880-களில் நடந்தது.

நாகேந்திரன் முன்னாடி இரண்டு ஈசியான வழி இருந்தது. பெரும்பான்மைக்குத் தலையாட்டிவிட்டு மோனி தாஸை விட்டுவிடலாம். இல்லையென்றால் தான் மட்டும் கோபித்துக்கொண்டு வெளியேறலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கிளப்பையே கலைத்துவிட்டார். 1887-ல் சோவாபஜார் கிளப்பைத் தொடங்கினார். அதில் முதல் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர், மோனி தாஸ்!

இத்தனைக்கும் சோவாபஜார் என்பது கல்கத்தாவின் பெரிய ஜமீன் அரண்மனையின் பெயர். அந்தக் குடும்பத்தில்தான் நாகேந்திரன் பெண் எடுத்திருந்தார். அந்தப் பெயரைத் தாங்கிய கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் ஒரு குயவர் மகன் பெயர் முதலில் வந்தது, அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

அதனால் டீம் பலவீனம் ஆச்சா?

1892-ல் பதில் கிடைத்தது. டிரேட்ஸ் கப் போட்டியில் சோவாபஜார், ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட் அணியை 2-1 என்று தோற்கடித்தது. ஒரு போட்டித் தொடரில் இந்திய அணி ஒன்று பிரிட்டிஷ் ராணுவ அணியை வீழ்த்தியது அதுதான் முதல் முறை. கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் முடியும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த வருஷம், 1893-ல், ஐ.எஃப்.ஏ. என்கிற இந்தியக் கால்பந்து சங்கம் உருவானது. வெள்ளைக்காரர்கள் கையில் இருந்த அந்த முயற்சியில் நாகேந்திரனுக்கும் பங்கு உண்டு. அதன் ஷீல்டு போட்டியில்தான் 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்! வெற்றி கோலை அடித்த அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்தவர். ஊரே கொண்டாடிய அந்த வெற்றிக்கு 19 வருஷம் முன்னாடியே பாதை போட்டது சோவாபஜார்.

சரி, இன்னைக்கு ஏன் இவரைப் பத்திப் பேசணும்?

வக்கீலாக வாழ்ந்து, 1940-ல் மறைந்தார் நாகேந்திரன். 2021-ல் வங்காள நடிகர் தேவ், ‘கோலந்தாஜ்’ படத்தில் இவராக நடித்த பிறகுதான் புதுத் தலைமுறைக்கு இந்தப் பெயர் தெரியவந்தது.

இந்தியாவின் மிகப்பெரிய கால்பந்துப் பகை எது என்று கேட்டால், மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பகையும் ஒரு ‘யாரைச் சேர்ப்பது’ சண்டையில் பிறந்ததுதான். 1920-ல் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் கிளப், சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை உட்கார வைத்தது. அதை ஏற்காமல் வெளியேறினார் அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி. அப்படி உருவானதுதான் ஈஸ்ட் பெங்கால்.

நாம ஸ்கோரைத்தான் ஞாபகம் வெச்சுக்கிறோம். ஆனா எந்த மேட்சும் விசில் ஊதுறதுக்கு முன்னாடியே, டீம் லிஸ்ட் எழுதும்போதே ஆரம்பிச்சிடுது. தமிழ்நாட்டுல இன்னைக்கும் ‘ஊர் டீம்’, ‘காலனி டீம்’னு தனித்தனியா கிரவுண்டுக்கு வர்ற கிராமங்கள் இருக்கு. 1887-ல் ஒரு காலேஜ் வயசுப் பையன் அந்த லிஸ்ட்ல முதல் பேரா மோனி தாஸை எழுதினார். அடுத்த முறை உங்க ஆபீஸ் டோர்னமென்ட்டுக்கோ, ஊர்ப் போட்டிக்கோ டீம் எடுக்கும்போது அந்தப் பேரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.