கடற்கரை நகரின் மைந்தர்

அல்ஜியர்ஸ், மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்த துறைமுக நகரம். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு அந்நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பெல்கூர்ப் பகுதியில் வளர்ந்தார். 1913இல் பிறந்த அவர், மறு ஆண்டே தந்தையைப் போரில் இழந்தார். எழுத்தறியாத தாய், பிறர் இல்லங்களில் வேலை செய்து இரு மக்களையும் காத்தார். கடலும் கதிரொளியும் விலையின்றிக் கிடைத்தமையால், சிறுவர் வறுமையைப் பெருந்துன்பமாகக் கருதவில்லை.

பேரனை வேலைக்கு அனுப்ப எண்ணினார் பாட்டி. ஆசிரியர் லூயி ஜெர்மேன் அவரை இணங்கச் செய்து, மாணவரை உதவித்தொகைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். 1957இல் நோபல் பரிசு பெற்ற காம்யு, அவ்வாசிரியருக்கு நன்றி மடல் எழுதினார்.

1960 சனவரி 4ஆம் நாள் மோட்டார் விபத்தில் அவர் மறைந்தார். உடனிருந்த பையில், இளமை நினைவுகளைப் புனையும் முற்றுப்பெறாத புதினம் ஒன்று கிடைத்தது. 1994இல் அது வெளியாயிற்று. அதனைப் படிக்க இயலாத தம் தாய்க்கே அவர் அதனை உரிமையாக்கியிருந்தார்.