கட்டடக் கலைஞர் படித்த களிமண் ஏடுகள்

நம்ம காலேஜில் வேறு துறைக்காரர் யாராவது பேச வந்தால் நாம் என்ன செய்வோம்? கடைசி வரிசையில் உட்கார்ந்து டீயும் சமோசாவும் எப்போ வரும்னு வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரே ஒரு பேச்சு ஒரு பையனின் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட கதையை இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மைக்கேல் வென்ட்ரிஸ் 1922-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1936-ல், 14 வயதில், பள்ளி நண்பர்களோடு லண்டனில் ஒரு கண்காட்சிக்குப் போனார். கிரீட் தீவில் நோசஸ் அரண்மனையைத் தோண்டியெடுத்த சர் ஆர்தர் ஈவான்ஸ், அப்போது 85 வயது, அங்கே கிடைத்த களிமண் ஏடுகளை மாணவர்களுக்குக் காட்டினார். இவற்றை இன்னும் யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் பையன் மனதில் அது ஒட்டிக்கொண்டது.

அந்த எழுத்துக்கு லீனியர் பி என்று பெயர். பதினெட்டு வயதிலேயே, வயதை மறைத்து, ஓர் அமெரிக்க ஆய்விதழில் வென்ட்ரிஸ் கட்டுரை எழுதினார். இத்தாலியின் பழைய எட்ருஸ்கன் மொழிக்கு இது உறவாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பிறகு போர் விமானத்தில் நேவிகேட்டர் வேலை. அப்புறம் கட்டடக் கலைப் படிப்பு, அரசாங்கத்துக்குப் பள்ளிக்கூடங்கள் டிசைன் செய்யும் உத்தியோகம். மொழியியலில் பட்டம் எதுவும் கிடையாது.

ஆனாலும் விடவில்லை. அலிஸ் கோபர் என்ற அமெரிக்கப் பேராசிரியை, சொற்களின் முடிவு ஒழுங்காக மாறுவதைக் கண்டுபிடித்திருந்தார். அந்த வழியில் வென்ட்ரிஸ் குறிகளைக் கட்டம் போட்டு அடுக்கினார். 1951, 52-ல் இருபது குறிப்புகளை டைப் செய்து, சொந்தச் செலவில் அறிஞர்களுக்கு அனுப்பினார். தப்பான யூகங்களும் அதில் இருந்தன, மறைக்கவில்லை.

கிரீட் ஊர்ப் பெயர்களைக் கட்டத்தில் பொருத்தியபோது வந்து நின்றது கிரேக்க மொழி! பத்து வருஷத்துக்கும் மேலாகத் தான் நம்பியதை அவரே கைவிட்டார். 1952 ஜூலை 1 அன்று பி.பி.சி. வானொலியில் அறிவித்தார். கேம்பிரிட்ஜின் ஜான் சாட்விக் கூட்டுச் சேர்ந்தார்.

சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அப்போது பைலோஸில் கிடைத்த ஓர் ஏட்டில் முக்காலிப் பாத்திரம், நாலு கைப்பிடி, மூணு கைப்பிடி, கைப்பிடியே இல்லாத பாத்திரம் என்று படங்கள் இருந்தன. வென்ட்ரிஸின் முறைப்படி படித்தால் பக்கத்து எழுத்தும் அதையே சொன்னது. 1954-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் அந்த ஏட்டின் ஸ்லைடு திரையில் விழுந்ததும், அவர் வாய் திறக்கும் முன்பே அரங்கம் கைதட்டியது.

1956 செப்டம்பர் 6 இரவு, நின்றிருந்த லாரியில் கார் மோதி இறந்தார். வயது 34. சாட்விக்குடன் எழுதிய பெரிய நூல் சில வாரம் கழித்துத்தான் வெளிவந்தது.

எனக்கு இப்போ வயது 36. ஒரு ஸைட்டில் பாறை மூணு மீட்டரில் வரும்னு நான் போட்ட கணக்கு. இரண்டாவது போர்ஹோல் வேறு மாதிரி சொன்னது. போர்ஹோல்தான் தப்புன்னு பிடிவாதம் பிடித்தேன். இரண்டு வாரத் தோண்டல் வீண். வென்ட்ரிஸை அப்போதே படித்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.

இந்தச் சந்திப்பில் யாராவது பேசும்போது, வாங்க, முன் வரிசையில் உட்காருவோம். டீ எங்கேயும் போய்விடாது!