வாத்தியார் வளர்த்த சாம்பியன்கள்



பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தைப் பிடித்தது நம் விருதுநகர் மாவட்டம். அந்தப் பெருமை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பொதுத்தேர்வு நெருங்கினால் டைம்டேபிளில் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியடுதான் என்பதும் பெற்றோராக உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் காலாண்டு இதழில், வகுப்பறையையும் மைதானத்தையும் ஒன்றாகவே பார்த்த ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறோம்.

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். எல்லோருக்கும் ரஹீம் சாப். அஜய் தேவ்கன் நடித்து 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அவரை நினைவிருக்கும்.

1909 ஆகஸ்ட் 17-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது கல்லூரி அணிக்காகக் கால்பந்து ஆடினார். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டே உடற்கல்வியில் டிப்ளமோ முடித்தார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார்.

அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தாதான். பணம், ரசிகர்கள், பெரிய கிளப்புகள் எல்லாம் அங்கே. ஆனால் ரஹீம் வந்தபின் நடந்ததைப் பாருங்கள். பம்பாயில் அப்போது நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சிட்டி போலீஸ் அணியே வென்றது. டெல்லியின் டுராண்ட் கோப்பையும் அவர்கள் கைக்கு வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியை 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஹைதராபாத் வென்றது.

இதை எப்படிச் சாதித்தார்? பையன்களுக்கு வினோதமான விதிகளோடு போட்டிகள் வைத்தார். ஒன்றில், பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலது கால் பையன் அன்று முழுவதும் இடது காலால் ஆட வேண்டும். இன்னொன்றில், பந்தைத் தன்னிடமே வைத்து உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்ததும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கருவியோ புல்தரையோ தேவையில்லை. யோசிக்கத் தெரிந்த ஒரு வாத்தியார் போதும்.

இந்திய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றது இந்தியா. நம் வீரர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு குளிரில் ஆடினார்கள். அதன்பின்தான் பூட்ஸ் கட்டாயமானது.

ரஹீம் அந்தத் தோல்வியோடு முடங்கிவிடவில்லை. வெளிநாட்டு அணிகளின் ஆட்டத்தைக் கவனித்தார். அப்போது உலகை மிரட்டிய ஹங்கேரி அணி தன் சென்டர் ஃபார்வர்டைச் சற்றுப் பின்னால் நிறுத்தி ஆடியது. அந்த உத்தியை நம் அணிக்கும் பழக்கினார். கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் ஊன்றியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வழி புதிதல்ல.

பலன் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாதான். அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலைப் போட்டதும் நாம்தான். கடைசியில் 4-1 என்று தோற்றாலும், நான்கே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் பாருங்கள். நான்காம் இடத்தோடு திரும்பினார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தார்கள். பெருவுக்கு எதிராக நம் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

பிறகு 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீமின் உடல்நிலை மோசமாக இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை; தடுப்பாட்டத்திலிருந்து மாற்றி சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால், மைதானத்தில் திரண்டிருந்த ஏறக்குறைய ஒரு லட்சம் பேரும் நமக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். முதல் 20 நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் கம்பத்தைக் காத்தவர், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். 2-1. தங்கம்.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11-ம் தேதி, புற்றுநோய் ரஹீமின் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 53. அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி ஒருமுறைகூடத் தங்கம் வாங்கவில்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆடவும் இல்லை. தங்கம் வாங்கித் தந்த வீரர்கள் இருந்தார்கள். அடுத்த தலைமுறைப் பையன்களை அப்படிப் பழக்கத்தான் ஆள் இல்லாமல் போனது.

பார்க்கிங்கில் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பற்றி நம் சங்கத்துக்குப் புகார்கள் வருகின்றன. கார் கண்ணாடியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் தேர்வு மாதங்களிலும் மாலையில் ஒரு மணி நேரமாவது அவர்களை ஓடியாட விடுங்கள். முடிந்தால் நீங்களும் இறங்கி வந்து, பழகாத காலால் மட்டும் உதைக்கும் ரஹீம் சாப்பின் விதியைச் சொல்லிக்கொடுங்கள். பந்து அவ்வளவு வேகமாகவும் போகாது; கண்ணாடிகளும் தப்பிக்கும்.