டெக்வேர் பேன்ட் வாங்கப்போறீங்களா? அமெலியாவின் பெட்டியை ஒருமுறை எட்டிப்பாருங்க!

போன் பாதிதான் நுழையுற பாக்கெட், உட்கார்ந்தா இடுப்பைப் பிடிக்கிற தையல்... பெண்களுக்கான பேன்ட்னா இப்படித்தான்னு நமக்குப் பழகிப்போச்சு இல்லையா? அதனாலதான் ஜிப் வெச்ச ஆழமான பாக்கெட், தண்ணீர் ஒட்டாத துணி, முட்டியை மடக்கினாலும் இழுக்காத தையல்னு டெக்வேர் பேன்ட்டைப் பார்த்ததும் ஆசையா இருக்கு. ஆனா, என் கால் குண்டா இருக்கே, எனக்கு இது செட் ஆகுமாங்கிற தயக்கம் வந்து நிறுத்திடும். இதே தயக்கத்தோட வாழ்ந்த ஒருத்தரைப் பத்தித்தான் இப்போ சொல்லப்போறேன். அவர், அட்லான்டிக் பெருங்கடலை விமானத்தில் தனியாகக் கடந்த முதல் பெண், அமெலியா ஏர்ஹார்ட்.

புளூமர்ஸ் போட்ட சிறுமி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், அட்சிசன் நகரில் 1897 ஜூலை 24 அன்று பிறந்தார் அமெலியா. ஊரில் மற்ற சிறுமிகள் எல்லாம் பாவாடையில் வலம்வர, அவருடைய அம்மா ஏமி தன் இரண்டு மகள்களுக்கும் புளூமர்ஸ் போட்டுவிட்டார். தொளதொளவென்று இருந்து முட்டிக்குக் கீழே சுருங்கி நிற்கும் காற்சட்டை அது. மரம் ஏற, வேலி தாண்ட வசதிதான். ஆனா, பாவாடை போட்ட தோழிகளுக்கு நடுவில் தனித்துத் தெரிகிறோமே என்ற கூச்சமும் இருந்தது. முதல் கார்கோ பேன்ட் போட்டுக்கிட்டு ஒரு குடும்ப விசேஷத்துக்குப் போயிருந்தீங்கன்னா, அந்தக் கூச்சம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

1920-ம் ஆண்டின் கடைசியில், கலிபோர்னியாவில் பயணியாகப் பத்து நிமிடம் விமானத்தில் பறந்தார். அந்தப் பத்து நிமிடம் வாழ்க்கையையே மாற்றியது. லாரி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, டெலிபோன் கம்பெனியில் வேலை என்று கிடைத்ததைச் செய்து பணம் சேர்த்தார். 1921 ஜனவரியில் நேட்டா ஸ்நூக் என்ற பெண் விமானியிடம் பாடம் ஆரம்பம். திறந்த காக்பிட், எண்ணெய்க் கறை, குளிர்காற்று. அங்கே பாவாடைக்கு வேலையே இல்லை. குதிரையேற்றத்துக்கான பிரீச்சஸ், உயரமான பூட்ஸ், லெதர் ஜாக்கெட் என்று மாறினார். ஜாக்கெட் புத்தம்புதுசாகப் பளபளக்க, மற்ற விமானிகள் கேலி செய்வார்களே என்று மூன்று இரவுகள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கிக் கசக்கினாராம். ஸ்டைலிங் கவலை யாரைத்தான் விட்டது!

இன்னொரு விஷயம். தன் கால்கள் தடிமனாக இருப்பதாக அமெலியாவுக்கு ஒரு தாழ்வுமனம் இருந்ததையும், பேன்ட்டை அவர் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மறைக்கப் போட்டாரோ, வசதிக்குப் போட்டாரோ... அந்த பேன்ட் அவரைக் கொண்டுபோன தூரம்தான் பெரிசு.

15 மணி நேரம்

1932 மே 20. நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸில் இருந்து தனியாகக் கிளம்பினார். உயரம் காட்டும் கருவி கெட்டுப்போனது. இறக்கைகளில் பனி உறைந்தது. இன்ஜின் புகைபோக்கிப் பகுதியில் விரிசல் விட்டு, தீ எட்டிப்பார்த்தது. சாப்பாடு, டின்னில் அடைத்த தக்காளி ஜூஸ். சுமார் 15 மணி நேரம் கழித்து, வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அத்தனை நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தவருக்கு, உடை எப்படித் தெரிகிறது என்பதைவிட எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியமாக இருந்திருக்கும்.

தையல் மெஷின் முன்னால்

பெண் விமானிகளின் 'நைன்ட்டி நைன்ஸ்' சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். அந்தச் சங்கத்தினருக்காக அவர் வடிவமைத்த உடையைக் கேளுங்க. தளர்வான பேன்ட், ஜிப் வெச்ச மேல்சட்டை, பெரிய பெரிய பாக்கெட்டுகள். இன்றைய டெக்வேர்தானே இது!

1934-ல் தன் பெயரிலேயே ஆடை வரிசையைக் கொண்டுவந்தார். நியூயார்க்கின் மேசிஸ் கடையில் விற்பனை. பாராசூட் பட்டு, துவைத்துப் போடக்கூடிய துணி, புரொபல்லர் வடிவப் பட்டன்கள். குனிந்து நிமிர்ந்தாலும் வெளியே வராதபடி நீளமான சட்டை. மேலுக்கு ஒரு சைஸ், கீழுக்கு வேறு சைஸ் வாங்கிக்கொள்ளும்படி தனித்தனியாக விற்றார். இடுப்பும் தோளும் ஒரே சைஸில் அமையாத எத்தனை பெண்களுக்கு அது நிம்மதி! ஆனா, பொருளாதார மந்தம் வாட்டிய காலம். கடை வியாபாரம் நீடிக்கவில்லை, சீக்கிரமே மூடவேண்டியதாயிற்று.

கடைசிப் பெட்டி

1937-ல் உலகைச் சுற்றக் கிளம்பியபோது அவருடைய சிறிய பெட்டியில் இருந்தவை: ஐந்து சட்டைகள், இரண்டே இரண்டு பேன்ட்கள், மாற்று ஷூ, கனமே இல்லாத ஒரு ரெயின்கோட், இன்னும் சில சின்னப் பொருள்கள். கராச்சி, கல்கத்தா வழியாகவும் பறந்தார். ஜூலை 2 அன்று நியூகினியின் லே நகரில் இருந்து, வழிகாட்டி ஃபிரெட் நூனனுடன் ஹவுலாண்ட் தீவை நோக்கிக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. 40-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள்தான் பாக்கி.

அந்தப் பெட்டியை மனசுல வெச்சுக்கிட்டு ஷாப்பிங் போங்க. பத்து வேண்டாம், நல்லதா இரண்டு போதும். ட்ரயல் ரூம்ல கண்ணாடியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி உட்காருங்க, குனியுங்க, ஒரு காலை உயரத் தூக்குங்க. போனைப் பாக்கெட்ல போட்டு நடந்து பாருங்க. நம்ம வெயிலுக்கு மெல்லிசான, சீக்கிரம் காயுற துணியா எடுங்க. பேன்ட் தொளதொளன்னா மேலே கச்சிதமான டாப், இல்லைன்னா அமெலியா மாதிரி கட்டம் போட்ட சட்டையை இன் பண்ணிக்கோங்க. கால் குண்டா, ஒல்லியாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். அதைப் போட்டுக்கிட்டு எங்கே போகப்போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க!